சிலோனியின் நோன்பு

இன்றைக்கு இவள் ஒரு வாயாவது தின்னாமல் நான் இந்த அடுக்களையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. அதை அவளிடமே சொல்லியும் விட்டேன். கேட்டதாகத் தெரியவில்லை. அம்மிக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் முன்கால்களை மடித்து உட்கார்ந்துகொண்டு, சுவரோடு ஏதோ வழக்கு இருப்பதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதியத்து லுஹர் தொழுது முடித்து தெருவே படுத்துவிட்டது. நோன்பு மாதத்துப் பகலில் எங்கள் ஊர் அடுக்களைகளில் ஈ கூட எட்டிப் பார்க்காது. என் அடுப்பில் மட்டும் விளைமீன் வேகிறது, உப்பில்லாமல், புளியில்லாமல், மீனுக்கே அலுத்துப் போகும்படி. நேற்று விடியுமுன் சஹரில் தின்றதுதான் என் பூனை சிலோனி கடைசியாகத் தின்றது. தூத்துக்குடி மாட்டு டாக்டர் காலையில் போனில் சொன்னார். மாட்டு டாக்டர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நாயும் பூனையும்தான் பார்க்கிறார், நல்ல மனிதர், பேச்சு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நாலு மணிக்குள் அதுவாகத் தின்றால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் கொண்டுவந்துவிடுங்கள், படுக்கவைத்து ட்ரிப் ஏற்றுகிறேன், ஆனால் இந்த வயதில் இந்தக் கிட்னியோடு திரும்பி வீட்டுக்கு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். நாலு மணி அவர் கணக்கு. என் கணக்கில் அது அஸர் தொழுகை. அஸர் தொழுததும் பக்கத்து வீட்டு பௌஸியாவின் மகன் காரை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பான். நிற்கட்டும். வந்த காரைத் திருப்பி அனுப்புவது எனக்குப் புதிதில்லை, என்னைப் பெண் பார்க்க வந்ததிலேயே ஒரு காரைத் திருப்பி அனுப்பியவள் நான்.

மீனை இறக்கி முள்ளெடுத்து ஆற வைக்க வேண்டும். ரொம்ப ஆறினால் வாசனை போய்விடும், சூடாக இருந்தால் பல் கூசும், பாதிப் பல் விழுந்த வாய். கிட்னி, சர்க்கரை, முன்கால் முட்டியில் தேய்மானம், பல். எனக்கு சர்க்கரை, பிரஷர், முட்டி. கிட்னி ஒன்றில் அவள் என்னை முந்திவிட்டாள், பிரஷரில் நான் அவளை. எங்கள் இருவர் மருந்தும் ஒரே அலமாரியில்தான் இருக்கிறது, மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு, ஏனென்றால் எனக்குக் குனிய முடியும், எட்டத்தான் முடியாது. அப்படியென்றால் அவள் மருந்தை மேலே வைத்த மூளை யாருடையது என்று என் அக்கா, லாத்தா கேட்டாள். என் மூளைதான். ஸ்டூல் போட்டு ஏறுவேன். தினமும் காலையில் கொசுவலைக் கொக்கியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு அவள் பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியை ஏற்றுவேன். தோலுக்கடியில் தண்ணீர் இறங்கி ஒரு பக்கத் தோள் மட்டும் பொம்மென்று ஆகும், அதைத் தூக்கிக்கொண்டு நாட்டாமை போல நடப்பாள். அந்த நடையைப் பார்த்து மகள் ஹாங்காங்கிலிருந்து வீடியோவில் சிரிப்பாள். சிரித்துவிட்டு, உம்மா இது எத்தனை நாளைக்கு என்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு சிக்னல் கிடைப்பதில்லை. கொழும்பிலிருந்து என் வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், தேயிலை கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள் குட்டியாகக் கிடந்தவள், அதனால்தான் சிலோனி. மச்சான் மவுத்தாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியும் துருப்பிடித்துவிட்டது, இவள் இருக்கிறாள். இருந்தாக வேண்டும்.

இந்தா, வாசனை பிடி. மூக்கைத் திருப்புகிறாள். முன்காலில் கொஞ்சம் தடவினேன், நக்கியாவது தொலைப்பாள் என்று. காலை உதறி, உதறியதை என் முழங்கையில் தெளித்தாள். காலையில் மீனைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டப் பார்த்ததில் உதட்டில் ரத்தம் வந்துவிட்டது, அவள் உதட்டில் கொஞ்சம், என் விரலில் கொஞ்சம். வலிய ஊட்டாதீர்கள், அதுவாகத் தின்ன வேண்டும், அதுதான் எனக்குத் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். அதுவாக. அதுவாக என்றால் என்ன, பசித்தா, நம்பியா, மனசு வைத்தா? இந்தத் தெருவில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். சிலோனி நோன்பு பிடிக்கிறாள் என்பார்கள். பல வருஷமாக அதுதான் பேச்சு. ரமலான் பிறை கண்டால் பகலில் தின்னமாட்டாள், சஹருக்கு எழுந்து வந்து தின்பாள், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் கிண்ணத்துக்கு வருவாள், வாயில்லா ஜீவனுக்கு இருக்கும் ஈமானைப் பார் என்று பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை, வந்தவர்களுக்குக் கதை சொல்லித்தான் அனுப்பினோம். போன வருஷம் நோன்பின் கடைசிப் பத்து நாளில் இவள் இரவிலும் சரியாகத் தின்னவில்லை. சிலோனி இஃதிகாஃப் இருக்கிறாள், முழு நேர வணக்கம் என்று பௌஸியா கண் கலங்கினாள், நானும் கலங்கினேன், பெருநாளன்று இவளால் எழுந்திருக்க முடியவில்லை. தூத்துக்குடிக்கு அள்ளிக்கொண்டு போனபோது டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பத்து நாளாகச் சரியாகத் தின்னாததை ஒருவருமே கவனிக்கவில்லையா என்றார். என்ன சொல்வது? கவனித்தோம் சார், பூரித்துப் போனோம் சார் என்றா?

இன்றைக்கும் சற்று முன்னால் பௌஸியா முடுக்கு வழியாக வந்து எட்டிப் பார்த்தாள். பெண்கள் நடக்கிற அந்தச் சந்து என் அடுக்களை வாசலில்தான் முடிகிறது, அதனால் இந்தத் தெருவின் கருத்து எதுவும் எனக்குத் தப்பாது. ஏன் வதைக்கிறீர்கள், நோன்போடு போனால் அதற்கும் நல்லதுதானே, சீதேவிப் பூனை என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, இந்தச் சர்க்கரையோடு ஒரு நோன்பு விடுவதில்லையே ஹபீபா லாத்தா, உங்களைச் சொல்லணும், சீதேவி என்றாள். அந்த ஒரே சொல்லை ஒரே மூச்சில் எங்கள் இருவருக்கும் பங்கு வைத்துவிட்டுப் போனாள். நல்லவள், காருக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கை நடுங்குகிறது. மீன் ஆவியால் இருக்கும். ஆவியால் கை நடுங்குமா? வியர்வை கழுத்தில் குளிர்ச்சியாக இறங்குகிறது, இந்த வெயிலில் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் லாத்தா ஜெயித்துவிடுவாள். லாத்தா என்றால் கூடப் பிறந்தவள், முத்து சுலைஹா, இப்போது கூடத்தில் ஓதிக்கொண்டே கண் அசந்திருப்பாள். சஹரில் அவளோடு எனக்குச் சண்டை. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னான், பள்ளிவாசல் ஆலிம்சாவும் சொல்லிவிட்டாஹ, உனக்கு நோன்பு கடமையில்லை, ஏழைக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு என்று ஆரம்பித்தாள். எனக்கு யாரும் சலுகை தர வேண்டாம் என்றேன். அப்போது அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“சலுகைய தந்தது நான் இல்ல புள்ள, படச்சவன். அவன் நீட்டுறத தட்டி வுடுறியே, அதுக்குப் பேரு என்ன?”

பேர் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, மாத்திரையையும் விழுங்கி, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவளும் சோற்றைத் தொடாமல் மூடி வைத்துவிட்டாள். லாத்தாவுக்கு என்ன தெரியும்? உம்மாவின் கடைசி வருஷங்களில் லாத்தா புருஷனோடு சென்னையில் இருந்தாள், கூட இருந்தவள் நான். உம்மா நோன்பை விட்ட வருஷம்தான் உம்மா கிழவியானாஹ. அதுவரைக்கும் பெருநாளுக்கு என்ன ஆக்குவது, எந்த ஏழைக்கு எவ்வளவு ஃபித்ரா தர்மம், எந்தப் பிள்ளைக்கு எந்தத் துணி, எல்லாம் உம்மாவிடம்தான் கேட்போம். நோயாளி என்று ஆனதும் உள் அறையில் கதவைச் சாத்தி அவஹளுக்குத் தட்டு வைத்தோம், பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று. கதவுக்கு அந்தப் பக்கம் மென்று விழுங்குகிற சத்தம் கூட வராது, அவ்வளவு மெதுவாகத் தின்பாஹ, திருடித் தின்பவரைப் போல. பெருநாள் காலையில் யாரும் அவஹளிடம் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கதவுதான் எனக்குப் பயம். சர்க்கரை பயமில்லை, மவுத்து பயமில்லை, அந்தச் சாத்திய கதவு பயம். பயமென்று வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டில் பூனையைத் தவிர ஆள் கிடையாது, அவளோ சுவரைப் பார்க்கிறாள்.

சரி, ஊர்க்கதை போதும், யோசி ஹபீபா. இவள் ஏன் தின்னவில்லை? நேற்று சஹரில் தின்றாளே. கிண்ணத்தை வழித்து நக்கினாளே, வயிறு கெட்டவள் அப்படி நக்குவாளா? நேற்று மஃரிபுக்கு நாங்கள் வீட்டில் இல்லை, பௌஸியா வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தாள், போவதற்கு முன் இவள் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனோம், வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி. இன்று சஹரிலும் கிண்ணத்தில் வைத்தேன். அப்போதுதான் சண்டை, நான் எழுந்து போனேன், லாத்தா எழுந்து போனாள். வைத்தது வைத்தபடி. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நாங்கள் சஹனில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் தனித்தட்டு வைத்துத் தின்பது வெளியூர்ப் பழக்கம். ஒரு பெரிய சஹனில் சோற்றைக் கொட்டி, சுற்றி இரண்டு பேரோ மூன்று பேரோ உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளித் தின்போம். மச்சான் இருந்த காலத்தில் அவர், நான், மகள். சிலோனி குட்டியாகச் சஹன் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நாலாவது ஆளாக உட்காருவாள். இதென்ன ஹராம் வேலை, விரட்டு என்று நான் சொன்னால், மச்சான் அவளுக்கென்று ஒரு கிண்ணத்தைச் சஹனோடு ஒட்டி வைத்து, இதோ இவளுக்குப் பக்கம் பிரித்தாச்சு என்பார். அவர் முதல் வாய் எடுத்தபிறகுதான் இவள் குனிவாள். அவர் கொழும்புக்குப் போய்விட்டால் என் கையைப் பார்ப்பாள். மகள் கல்யாணத்தன்று வீடு நிறைய ஆள், ஆக்கி இறக்கி அலுத்துப் போய் நான் ஒரு வாய் தின்னவில்லை, இவளும் தின்னவில்லை, யாரோ மிதித்துவிட்டார்கள் போல என்று நினைத்தோம். அட படுபாவி. நீ நோன்பு பிடிக்கவில்லை. நீ ஒருநாளும் நோன்பு பிடித்ததில்லை. இந்த வீட்டில் யாரும் வாய் அசைக்காததால் நீயும் அசைக்கவில்லை. போன வருஷம் கடைசிப் பத்தில் லாத்தா பள்ளிக்கூடத் தெரு மதரசாவில் பெண்களோடு தங்கிவிட்டாள், தனியாக என்னத்தைத் தின்பது என்று நான் கஞ்சியைக் குடித்து ஒதுங்கினேன், நின்றபடியே. சஹனை எடுத்து விரிக்கவே இல்லை. நோய் உள்ளே தின்றுகொண்டிருந்தது, வெளியே இவள் யாராவது உட்காரக் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் மஃரிப் வரை பொறுத்தால் போதுமே, சஹன் விரித்தால் தின்றுவிடுவாளே. மஃரிப் அஸருக்கு அப்புறம். அதற்குள் கார் வந்துவிடும். காரைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் கல்லீரலைத் திருப்பி அனுப்ப முடியாது, பூனை ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அப்புறம் தின்ன நினைத்தாலும் முடியாது என்று தூத்துக்குடி டாக்டர் எனக்கு ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். நோன்பு இல்லாத யாரையாவது கூப்பிட்டு உட்காரவைக்கலாமா? வேற்றாள் முகத்தைப் பார்த்தால் இவள் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். தின்பது போல நடிக்கலாமா? நடித்தேன். வெட்கமில்லாமல் சோறில்லாத கையை வாய்க்குக் கொண்டுபோய் மென்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், என் மாமியார் கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு பூனைக்காக நோன்பை முறிப்பதா? அது முறையில்லை, என் விருப்பத்துக்கு முறிக்கிற பொருளில்லை அது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கை நடுங்குகிறதே, ஹபீபா. பார்வையின் ஓரம் மங்குகிறதே. அதைப் பார்க்காமல் பூனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே. அவள் காதில் குத்தி சர்க்கரை பார்க்கிற அதே மிஷின் மேல்தட்டில் இருக்கிறது. ஸ்டூலில் ஏறக் கால் வரவில்லை. ஏற முடியாது என்று எனக்கு எப்போது தெரிந்தது? எழுந்தபோதே தெரிந்தது. அகப்பையால் தட்டி மிஷினைக் கீழே தள்ளி மடியில் பிடித்தேன். விரலில் குத்தினேன். அவள் காதில் குத்தும்போது ஒன்றுமில்லை தங்கம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகிய வாய், எனக்கும் அதையே சொன்னது. மிஷின் கத்தியது. எண், என்னைப் பார்க்கிற டாக்டர் போட்டுக் கொடுத்த கோட்டுக்கு ரொம்பக் கீழே. இவளுடையதாக அந்த எண் இருந்தால் நான் என்ன செய்வேன்? யோசிப்பேனா? யாருடைய பேச்சுக்காவது நிற்பேனா? ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து ஈறில் தடவியிருக்க மாட்டேனா? எனக்கென்று வந்தால் மட்டும் ஏன் சீதேவிப் பட்டம் கேட்கிறது?

கதவு திறந்துதான் இருந்தது. சாத்தலாமா என்று ஒரு கணம் கை போனது, உம்மா ஞாபகம் வந்தது, சாத்தவில்லை. முடுக்கில் யார் போனாலும் பார்க்கட்டும். சஹனை எடுத்துத் தரையில் வைத்தேன், அந்த வெண்கலச் சத்தத்துக்கே இவள் காது இரண்டும் திரும்பின. சஹரில் லாத்தா மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது, அதைக் கொட்டினேன், உப்பில்லாத மீனை நடுவில் வைத்தேன், அவள் கிண்ணத்தைச் சஹனோடு ஒட்டி வைத்தேன். பேரீச்சம்பழத்தை எடுத்ததும் பழக்கத்தில் நோன்பு திறக்கிற துஆ நாக்குவரை வந்துவிட்டது. இது திறப்பதில்லை, விடுவது. துஆவை விழுங்கிக்கொண்டு பிஸ்மில்லாஹ் மட்டும் சொன்னேன், அதற்கே அழுகை வந்தது. ஏழு வயதிலிருந்து பிடித்த நோன்பு, பெண்ணுக்குள்ள நாட்களையும் பேறுகாலத்தையும் தவிர விட்டதில்லை. பழம், சர்க்கரை கரைத்த தண்ணீர், பிறகு சோறு. ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். உப்பில்லை, ஒன்றுமில்லை, கண்ணீர்தான் கொஞ்சம் உப்பு. மென்றேன், சத்தம் வரவே மென்றேன். சாக்கிலிருந்து எழுந்தாள். முட்டி மடங்காமல், ஒரு பக்கத் தோள் மட்டும் பொம்மென்று தூக்கிக்கொண்டு வந்தாள். என் கையைப் பார்த்தாள். இரண்டாம் பிடி எடுத்தேன். குனிந்தாள். முதலில் நாக்கு, அப்புறம் பல் இருக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரு துண்டு, அதைக் கீழே போட்டு மறுபடி எடுத்து, விழுங்கினாள். தொண்டையில் இறங்கியதைப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் நிறுத்தினேன், அவளும் நிறுத்தித் தலையைத் தூக்கினாள். மறுபடி எடுத்தேன், மறுபடி குனிந்தாள். ஏமாற்ற முடியாது, வெறும் கை அவளுக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு லாத்தா வந்து நிலையில் நின்றாள். கையில் தஸ்பீஹ் மணி, ஒரு கன்னத்தில் பாயின் தழும்பு. சஹனைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்று அவள் கேட்பாள், கேட்டால் நானும் ஒன்று சொல்வேன் என்று வாயில் சோற்றோடு தயாராக இருந்தேன். கேட்கவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு சஹனின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள், நோன்போடு, தின்னாமல். மீனை எடுத்து ஒவ்வொரு முள்ளாகப் பிரித்து ஒரு துண்டை என் பக்கமும் ஒரு துண்டைக் கிண்ணத்திலும் வைத்தாள். எனக்கு மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நாளைக்கி உனக்கு மட்டும் உப்புப் போட்டு ஆக்குறேன். பகல்ல நான் வந்து கூட உக்காருறேன்.”

நாளைக்கா, நான் எங்கே நாளைக்கும் நோன்பை விடுகிறேன் என்று சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தேன். சிலோனி தின்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாத்தாவும் இப்போது என் கையைத்தான் பார்த்தாள். “பெருநாளைக்கு என்ன ஆக்குறதுன்னு இன்னும் ஒண்ணும் சொல்லலியே நீ,” என்றாள். நான் வட்டிலப்பம் என்றேன், முட்டையை வீட்டில் நான்தான் அடிப்பேன் என்றேன். சொல்லிவிட்டு அடுத்த பிடியை எடுத்தேன்.